வழியில் ஒரு தாழ்ப்பாளும் ஒரு வாளித் தண்ணீரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். என் மாமியாருக்கு 83 வயது. ஆழ்வார்குறிச்சியில் பிறந்து, 17 வயதில் கல்யாணமாகி மதுரைக்கு வந்தவர். "கண்ணு நல்லாத் தெரியும்போதே ஒருக்க ஊரப் பாத்துட்டு வந்துரணும்" என்று மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆடி பிறந்த வாரத்தில் ஒரு பெரிய வண்டியை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு கிளம்பினோம். மாமியார், நான், என் கணவர், மகன், மருமகள், ஆறு வயதுப் பேரன், நாலு வயதுப் பேத்தி, ஒன்பது மாதக் கைக்குழந்தை. நான்கு தலைமுறை ஒரே வண்டியில். அந்த நான்கு நாள் பயணத்தில் நான் பட்ட சந்தோஷத்தையும், அதற்கு நடுவே, வழியில் பெண்களுக்கு ஒரு நல்ல கழிப்பறை இல்லாமல் பட்ட வேதனையையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசி போகும் சாலை அது. ஏறக்குறைய 160 கிலோமீட்டர். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்குமா என்று தெரியவில்லை. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் வலது பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை தெரிய ஆரம்பித்துவிடும். அப்புறம் தென்காசி வரை அது நம்மை விடுவதில்லை. "ஆச்சி, மலை நம்ம கூடவே வருது" என்று பேரன் ராஜபாளையம் வரை சொல்லிக்கொண்டே வந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் 11 நிலைக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்து எண்ணினான். ஏழுக்கு மேல் கணக்குத் தப்பிவிட்டது, திரும்ப எண்ணினான். அங்குள்ள காட்டில் சாம்பல் நிற மலை அணில் இருக்கிறது, அதற்காகவே 1988-லேயே சரணாலயம் ஆக்கினார்கள், 2021-இல் அந்தக் காட்டை மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள் என்று அவன் தாத்தா சொன்னார். அதிலிருந்து மலையில் எது அசைந்தாலும் புலிதான். பேத்திக்குப் பால்கோவாவைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

விடிகாலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். மாமியார் அரை டம்ளர் காபி மட்டும் குடித்தார். வண்டியில் ஏறியதும் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். "வேண்டாம்மா, போயி எறங்குனப்புறம் குடிச்சுக்கிடுதேன்" என்றார். திருமங்கலத்தில் கேட்டேன், அதே பதில். ஸ்ரீவில்லிபுத்தூரில் இட்லி சாப்பிட்டார். தண்ணீரில் நாக்கை நனைத்ததோடு சரி. வாசுதேவநல்லூர் தாண்டும்போது என் தோளில் சாய்ந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன். கையைத் தொட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. நாடி படபடவென்று ஓடியது, நாக்கு வறண்டு வெள்ளையாக இருந்தது. கேட்டதற்கு ஒரு வார்த்தை தாமதித்துத்தான் பதில் வந்தது.

நான் 34 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள். என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மனுஷிக்கு உடம்பில் நீர் வற்றும்வரை கவனிக்காமல் இருந்துவிட்டேனே என்று அந்த நிமிடம் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. அவருடைய சுருக்குப்பையைப் பார்த்தேன். காலையில் போட வேண்டிய ரத்த அழுத்த மாத்திரை, அதாவது நீர் அதிகமாகப் பிரியச் செய்யும் மாத்திரை, காகிதத்தில் மடித்தபடி அப்படியே இருந்தது. போட்டால் வழியில் இறங்க வேண்டிவரும் என்று போடாமல் வைத்திருந்திருக்கிறார்.

இது என் மாமியாரின் பிடிவாதம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயணம் என்றால் நம் வீட்டுப் பெண்களுக்கு முதல் நாள் ராத்திரியே தண்ணீர் நின்றுவிடும். கல்யாணத்துக்குப் போனாலும், குலதெய்வம் கோயிலுக்குப் போனாலும், மகள் வீட்டுக்குப் போனாலும் இதுதான் நடைமுறை. எத்தனை கர்ப்பிணிகளிடம் நான் கேட்டிருப்பேன், "பஸ்ஸில் போகும்போது ஏன் தண்ணி குடிக்கல?" என்று. "எங்கக்கா போறது?" என்ற ஒரே பதில்தான் 34 வருடமும் வந்தது. தண்ணீர் குடிக்காமலும் வந்த சிறுநீரை அடக்கியும் இருந்தால் சிறுநீர்த்தொற்று வரக்கூடும். கர்ப்பிணிக்கு வந்து கவனிக்காமல் விட்டால் குறைமாதப் பிரசவத்தில் கொண்டுபோய் விடக்கூடும். வயதான பெண்களுக்குப் பல சமயம் எரிச்சல், காய்ச்சல் என்று தெரியாது. திடீரென்று ஆள் குழம்பிப்போய்ப் பேசுவார். வீட்டில் உள்ளவர்கள் "அம்மாவுக்கு வயசாயிருச்சு, மறதி வந்துருச்சு" என்று விட்டுவிடுவார்கள். இதையெல்லாம் ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தவள் நான். சொல்லிக்கொடுத்து என்ன செய்ய, வழியில் இடம் இல்லையே.

அன்று காலையில் நாங்கள் முயன்றதைச் சொல்கிறேன். முதலில் ஒரு பெட்ரோல் பங்க். பெண்கள் கழிப்பறைக் கதவில் பூட்டு. சாவி யாரிடம் இருக்கிறது என்று அங்கிருந்தவருக்குத் தெரியவில்லை. அடுத்தது ஒரு சாப்பாட்டுக் கடை. கழிப்பறை இருந்தது, தாழ்ப்பாள் இல்லை. மருமகள் உள்ளே போக, நான் வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டேன். தரையெல்லாம் ஈரம். உட்கார்ந்து எழும் பீங்கான்தான், பிடித்துக்கொள்ள ஒரு கம்பி கிடையாது. இரண்டு மூட்டும் தேய்ந்துபோன என் மாமியார் எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒண்ணும் வரல" என்று திரும்பி வந்தார். வரவில்லை என்பது பொய். அதற்குள் என் கணவரும் மகனும் ஓட்டுநர் தம்பியும் மூன்று தடவை வண்டியை ஓரங்கட்டி இறங்கிப் போய்விட்டு வந்திருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் குறை இல்லை. அவர்களுக்கு இருக்கும் வசதி எங்களுக்கு இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

முன்பெல்லாம் இந்தச் சாலையின் இரண்டு பக்கமும் புளியமரங்கள் கிளை கோத்து நிற்கும். அடிமரத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து எண் போட்டிருப்பார்கள். இப்போது திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரை நான்குவழிச் சாலை வேலை நடக்கிறது. சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இந்த வழியில் நடந்த விபத்துகளில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கட்டுப் போட்ட கை இது. ஆனால் மரம் போனபோது நிழலோடு மறைவும் சேர்ந்தே போய்விட்டதை எந்த ஆணும் சொல்லி நான் கேட்டதில்லை. அவசரத்துக்கு ஒரு பெண் ஒதுங்கினால் அந்தப் பருத்த புளியமரம்தான் மறைவு. அது நல்ல ஏற்பாடு என்று சொல்ல வரவில்லை. இருந்த ஒன்றை எடுத்தவர்கள் அதைவிட நல்லதாக ஒன்றை வைக்க வேண்டுமல்லவா?

வாசுதேவநல்லூருக்கும் புளியங்குடிக்கும் நடுவில் ஒரு வீட்டு முன்னால் வேப்பமர நிழலைப் பார்த்து வண்டியை நிறுத்தினோம். மாமியாரைக் கதவோரம் உட்காரவைத்து, கையோடு எடுத்துப்போயிருந்த உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கலக்கிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அம்மா ஈரக் கையோடு வெளியே வந்தார். "பாட்டியம்மாவ ரோட்டுல வச்சிக்கிட்டு எதுக்கு நிக்கிய? உள்ள கூட்டிட்டு வாங்க" என்றார். யார், என்ன ஊர், எதுவும் கேட்கவில்லை. கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனார். கொல்லையில் எலுமிச்சை மரங்களுக்கு நடுவே சின்னக் கழிப்பறை. சிமெண்டுத் தரை காய்ந்திருந்தது. கதவில் உள்பக்கம் தாழ்ப்பாள். ஒரு வாளித் தண்ணீர், ஒரு குவளை. அவருடைய அம்மாவுக்காகப் பக்கச் சுவரில் ஒரு இரும்புக் குழாயைப் பதித்திருந்தார்கள். என் மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொருவராக நாங்கள் எல்லாரும் போய்விட்டு வந்தோம். மருமகள் அந்த வீட்டுத் திண்ணையில் நிம்மதியாக உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்தாள். அதுவரை ஓடுகிற வண்டியில் ஜன்னல் பக்கம் திரும்பி, முந்தானையை மூடிக்கொண்டுதான் கொடுத்துவந்தாள்; குழந்தையும் ஆட்டத்தில் சரியாகக் குடிக்கவில்லை.

அந்த அம்மா எலுமிச்சம்பழத்தைப் பறித்து, உப்பும் சர்க்கரையும் போட்டுக் கலக்கி, பெரிய செம்பில் கொண்டுவந்தார். புளியங்குடி வட்டாரத்து எலுமிச்சைக்கு என்ன பேர் என்பது ஊருக்கே தெரியும். மாமியார் இரண்டு டம்ளர் குடித்தார். அரை மணி நேரத்தில் முகம் தெளிந்து, "இது யாரு மக்க? எந்தத் தெரு?" என்று உறவு விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அதற்கப்புறம் அந்த வழி எவ்வளவு அழகாகிவிட்டது! தண்ணீர் குடித்த பெண்களால்தான் மலையைப் பார்க்க முடிகிறது. கடையநல்லூர் வரும்போதே மேற்கே மேகம் இறங்கிவிட்டது. தென்காசியில் இறங்கினால் முகத்தில் சாரல். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று அது, குளிரும் ஈரமுமாகத் தள்ளும். காசி விசுவநாதர் கோயில் வாசலில் பேத்தியின் பாவாடை குடைபோல விரிந்து, அவள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. மறுநாள் சுந்தரபாண்டியபுரம் பக்கம் போனோம். சூரியகாந்தி வயல், அதற்குப் பின்னால் மலை. பூவெல்லாம் ஏன் ஒரே பக்கம் பார்க்கிறது என்று பேரன் கேட்க, "வாத்தியார் கிழக்கதான இருக்காரு" என்றார் அவனுடைய பூட்டியாச்சி. குற்றாலத்தில் பேரருவியில் கூட்டம் தாங்காது என்று சிற்றருவிக்குப் போனோம். அவர் காலை மட்டும் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளுக்கு மங்குஸ்தானும் ரம்புட்டானும் வாங்கிக் கொடுத்தோம். மூன்று பேர் சட்டையிலும் கறை, அது போகவே இல்லை.

மூன்றாம் நாள் ஆழ்வார்குறிச்சி. கடையம் வழியாகப் போனோம். செல்லம்மாள் பிறந்த ஊர், 1918 முதல் 1920 வரை பாரதியார் இங்கே குடியிருந்தார் என்று மகன் சொன்னதும், பேரன் வண்டியிலேயே எழுந்து நின்று பள்ளியில் படித்த பாட்டைப் பாடினான். பொட்டல்புதூர் பள்ளிவாசலைப் பார்த்ததும் மாமியார் கும்பிட்டார். கோயில் மண்டபம்போல் தூண்கள் வைத்துக் கட்டிய பள்ளிவாசல். சின்ன வயதில் அம்மாவோடு அங்கே நேர்ந்துகொள்ளப் போயிருக்கிறாராம். ஆழ்வார்குறிச்சியில் அவர் பிறந்த வீடு இப்போது வேறொருவருடையது. அவர்கள் உள்ளே கூப்பிட்டார்கள். நடுக்கூடத்தில் நின்று தூணைத் தடவிப் பார்த்தார், பேசவில்லை. கடனாநதிக் கரைக்குப் போனதும்தான் வாய் திறந்தார். எந்தப் படித்துறையில் துணி துவைத்தார்கள், எங்கே வழுக்கும், எங்கே ஆழம், எல்லாம் அத்துபடி. 66 வருடத்துக்கு முந்தைய வழுக்கல் அவருக்கு ஞாபகம் இருக்கிறது.

திரும்பும் வழியில் ஒரு ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தச் சொன்னார். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்திய சுமைதாங்கி. பேரன் அதை விளையாட்டுப் பெஞ்சு என்று நினைத்துக்கொண்டான். வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் செத்துப்போனால், சுமையை இறக்காமல் போன அவளுக்காக இப்படி ஒரு கல் நடுவார்கள். தலைச்சுமையோடு வருகிறவர்கள் யார் கையும் தேடாமல் இறக்கிவைத்து இளைப்பாறட்டும் என்று. மாமியார் இதைப் பேரனுக்கு அவன் அளவில் சொன்னார். நான் வேலையில் இருந்த காலத்தில் ஒவ்வொரு தாய் மரணத்துக்கும் விசாரணைப் படிவம் எழுதியிருக்கிறேன். அந்தக் கல்லின் முன்னால் எனக்குப் பேச்சு வரவில்லை. ஒரு வீட்டின் துக்கத்தை, முன்பின் தெரியாத வழிப்போக்கருக்கு உதவியாக மாற்றிவைத்த ஊர்கள் இவை.

ராணி மங்கம்மாளையும் நினைத்துக்கொண்டேன். 1689-இல் கைக்குழந்தைப் பேரனுக்காக மதுரை ஆட்சிப் பொறுப்பை ஏற்ற பாட்டி அவர். சாலை போட்டு, மரம் வைத்து, சத்திரம் கட்டினார். மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இன்றும் இருக்கிறது. ஆறு நாள் நடந்து போன காலத்தில் வழிப்போக்கருக்கு வேண்டியதை யோசித்திருக்கிறார்கள். நான்கு மணி நேரத்தில் போகிற காலத்தில் நாம் ஏன் யோசிக்கவில்லை?

தேசிய நெடுஞ்சாலைகளில் 40 முதல் 60 கிலோமீட்டருக்கு ஒரு இடத்தில் பயணிகள் வசதி மையம் அமைக்கும் திட்டம் இருப்பதாகப் படித்தேன். நல்லது. ஆனால் நாலு வயதுக் குழந்தை "ஆச்சி, அவசரம்" என்றால் அடுத்த ஐந்து நிமிடத்துக்குள் இடம் வேண்டும். நீர் மாத்திரை போட்ட 83 வயதுப் பெண்ணுக்கும் அப்படித்தான். இருபது கிலோமீட்டருக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். பெரிய கட்டிடம் கேட்கவில்லை. உணவகமும் கடைத்தெருவும் கேட்கவில்லை. புளியங்குடிப் பக்கத்து அந்த அம்மா வீட்டில் இருந்ததுதான்: உள்பக்கம் தாழ்ப்பாள், தண்ணீர், காய்ந்த தரை, சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய். ஒரு அறையிலாவது நாற்காலிபோல் உட்காரும் கழிப்பறை. ராத்திரியில் விளக்கு. கைக்குழந்தைக்குத் துணி மாற்ற ஒரு திண்டு, பாலூட்ட ஒரு மறைவு. 2015-இல் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறை திறந்தபோது நாங்கள் செவிலியர்கள் எவ்வளவு மகிழ்ந்தோம்! அதைச் சாலைக்கும் கொண்டுவர முடியாதா?

கட்டுவது கஷ்டமே இல்லை. ஊராட்சிகளில் மகளிர் சுகாதார வளாகங்கள் கட்டியதை நான் கூடவே இருந்து பார்த்தவள். திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றியிருக்கிறேன். சில இடங்களில் ஆறே மாதத்தில் பூட்டுத் தொங்கியது. காரணம் இரண்டுதான்: மோட்டார் பழுதானால் சரிசெய்ய ஆளில்லை, சுத்தம் செய்யும் பெண்ணுக்கு மாதச் சம்பளம் ஒழுங்காகப் போகவில்லை. தண்ணீரும் சம்பளமும் நிற்காத இடங்கள் நன்றாகவே நடந்தன. ஆகவே அந்தந்த ஊர் மகளிர் சுய உதவிக் குழுவிடம் ஒப்படையுங்கள். பக்கத்திலேயே டீயும் எலுமிச்சைச் சாறும் விற்கட்டும், ஐந்து ரூபாய், பத்து ரூபாய் கட்டணம் வாங்கட்டும், யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் சுத்தம் செய்கிறவரின் சம்பளம் அந்தச் சில்லறையை நம்பி இருக்கக்கூடாது. சாலைப் பராமரிப்புச் செலவிலேயே அதைச் சேர்க்க வேண்டும். குழியை மூடுவது பராமரிப்பு என்றால் இதுவும் பராமரிப்புத்தான். அவருக்குக் கையுறையும், காலுறையோடு காலணியும், மரியாதையும் கொடுக்க வேண்டும்.

சாலை வேலை முடிந்தபிறகு கேட்டால் இடம் இல்லை என்பார்கள். அதனால்தான் இப்போதே எழுதுகிறேன். மண்ணும் இயந்திரமும் அங்கேயே நிற்கும்போது இருபது கிலோமீட்டருக்கு ஐந்து சென்ட் ஒதுக்குவது பெரிய காரியமல்ல. அந்த ஐந்து சென்டில் நாலு மரமும் வையுங்கள். புளி வைத்தால் எங்கள் காலத்தில் நிழல் வராது, பரவாயில்லை, என் பேத்தி அவள் பிள்ளைகளோடு வருவாள். கூடவே இரண்டு வேம்பு வைத்தால் சீக்கிரம் வளர்ந்துவிடும்.

நான்காம் நாள் திரும்பும்போது அந்த வீட்டில் மறுபடி நிறுத்தினோம். ஒரு கூடை மங்குஸ்தானும் அந்த அம்மாவுக்கு ஒரு சேலையும் கொடுத்தோம். சேலையை வாங்க மாட்டேன் என்று அவர் ஒரே பிடிவாதம். மாமியார் "நீயும் எனக்கு மகதான்" என்று மடியில் வைத்துவிட்டார். அடுத்த பங்குனித் திருவிழாவுக்கு ஆழ்வார்குறிச்சிக்கு வருவதாக ஆற்றங்கரையில் யாரிடமோ வாக்குக் கொடுத்திருக்கிறார். பங்குனி வெயிலில் அதே சாலை. நான் இப்போதே சொல்லிவைத்திருக்கிறேன், மாத்திரையை என் கையால்தான் கொடுப்பேன், பாட்டிலும் என் மடியில்தான் இருக்கும் என்று. அவர் தலையை ஆட்டிவிட்டு, "சரி குடிக்கிறேன், எங்க நிறுத்துவ? அத மொதல்ல சொல்லு" என்று கேட்டார். என்னிடம் ஒரு வீட்டின் பெயர்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
மதுரை.